ருக்குமணி படுத்திருந்த இடம்

மழை பொய்த்துப்போய் ஆற்றில் பாறைகள் மட்டும் முதுகு காட்டிக் கிடந்த ஒரு வருஷத்தில், ஊஞ்சக்காட்டு வலசு என்கிற சின்ன ஊரில் வீட்டுக்கு வீடு மஞ்சள்காமாலை வந்த அந்தக் கோடையில், தறி ஓட்டுகிற சென்னியப்பனின் மகள் ருக்குமணி செத்துப்போனாள். காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தங்கள் பஸ் ஏறிப்போன மறுநாள் காலையில், அவள் நோயோடு கிடந்த சிவப்புச் சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு, அவள் எப்படி ஒருக்களித்துப் படுத்திருந்தாளோ அப்படியே, மடக்கின முழங்கால் மடக்கினபடியும் தலைக்கு வைத்த கை தலைக்கு வைத்தபடியும், கீழாநெல்லி முளைத்திருந்தது.

சென்னியப்பன்தான் முதலில் பார்த்தான். முகம் கழுவ எழுந்தவன், எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்து, தூங்குகிற பிள்ளையை மிதித்துவிடாமல் போவதுபோலச் சுவரோரமாகச் சுற்றிப்போய், அடுப்படியில் இருந்த மனைவியின் தோளைத் தொட்டான்.

"பாவாயி, வந்து பாரு. அம்மிணி படுத்திருந்த எடத்துல மொளச்சிருக்குது."

பாவாயி வந்து குனிந்து ஓர் இலைக்கொத்தைப் புரட்டிப் பார்த்தாள். புளிய இலைபோல இரண்டு வரிசையில் அடுக்கின சின்ன இலைகள். அவற்றுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல் ஒளித்து வைத்ததுபோல, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய்கள் தொங்கின. வேறு எந்தச் செடியாக இருந்தாலும் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். இந்தச் செடியைத் தேடி அவர்கள் இரண்டு பேரும் அலையாத இடம் கிடையாது.

மகளுக்குக் கண் மஞ்சளானபோது, பாலக்காட்டிலிருந்து வந்து சந்தைப்பேட்டைத் தெருவில் ஆயுர்வேத வைத்தியசாலை வைத்திருந்த மாதவி டாக்டர், அவளுடைய நாக்கையும் நகத்தையும் பார்த்துவிட்டு, "முதல்ல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கூடவே நீங்க கீழாநெல்லின்னு சொல்றீங்களே, அதை வேரோட பிடுங்கிக் கழுவி அரைச்சு, நெல்லிக்காய் அளவு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடுங்க. உப்பு, புளி, எண்ணெய் கூடாது. என்கிட்ட இருந்த செடியெல்லாம் தீர்ந்துபோச்சு" என்று சொல்லியிருந்தாள். மற்ற வருஷங்களில் வேலியோரத்திலும் வாய்க்கால் வரப்பிலும் சாக்கடை மேட்டிலும் கேட்பாரில்லாமல் மண்டிக் கிடந்து, போகிற வருகிற எல்லார் காலிலும் மிதிபட்ட அந்தக் களை, அந்த வருஷம் ஊரில் ஒரு தண்டுகூட முளைக்கவில்லை. சென்னியப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆற்றோரமெல்லாம் போனான்; வெடித்த மண்ணும் வேலமுள்ளும்தான் இருந்தன. பெரியாஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள், ராப்பகலாக ஒரு டாக்டர் பையன் பக்கத்திலேயே நின்றான், ஈரல் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகணும் என்று அவள் கேட்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். இந்தத் தரையில்தான் படுத்தாள், இந்தச் சன்னலைப் பார்த்துத்தான்.

பாவாயி செடியின் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையை அறைந்தாள்.

"அன்னிக்கு எங்கடீ போயித் தொலஞ்சே? என்ற மவ போனதுக்கப்பறம் எதுக்குடீ வந்தே? ஆரு கேட்டா உன்ன?"

சென்னியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அவள் சொன்னது முழுக்கக் கேட்கவில்லை. தறிப்பட்டறையில் இருந்து இருந்து காது பாதி போய்விட்டவன் அவன். ஆனால் வலசில் தறிக்காரர்கள் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள். தறிகள் ஓடுகிற பட்டறைக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்குக் கேட்காது. அதனால் அங்கே குடும்பச் சண்டையும் கல்யாணப் பேச்சும் கேலியும் எல்லாம் வாயசைப்பிலேயே நடக்கும். ருக்குமணி அதே பட்டறையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, தறி நாடாவுக்குள் வைக்கிற நூல்குச்சியான தார் சுற்றினாள். நாளெல்லாம் அவளும் அவனும் சத்தமில்லாமல் பேசிக்கொண்டேயிருந்தார்கள். மகளின் பேச்சு முழுக்க அவனுக்கு அவள் உதடுகளில்தான் இருந்தது. அவள் குரல் பாவாயியின் காதில் இருந்தது.

அன்று மத்தியானமே பாவாயி கொத்தனாரைக் கூப்பிட்டுச் செடியின் மேல் சிமெண்டு பூசச் சொன்னாள். கொத்தனார் கரண்டியும் கலவையுமாக உட்கார்ந்து, செடி எந்த உருவத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டார். "தாயி, இதுக்கு மேல கலவய அப்புறதுக்கு எனக்குக் கை வராது" என்று சொல்லி, ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார். அவர் வழியாகத்தான் ஊருக்குத் தெரிந்தது.

ஊர் அதைப் பற்றி அதிகம் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கு அப்போது யாருக்கும் தெம்பில்லை. தெருவுக்குத் தெரு மஞ்சள் கண்களோடு ஆட்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வருகிற காய்ந்த செடிக்கட்டு வைத்தியசாலைக்கு வந்த அன்றே தீர்ந்துவிடுகிறது, இங்கே பச்சையாக முளைத்திருக்கிறது என்பதுதான் அவர்களுக்குச் செய்தியாக இருந்தது. அடுத்த வீட்டு அருக்காணி முதலில் வந்தாள். அவள் மகன் மூன்று வேளையாகச் சோற்றைப் பார்த்தாலே ஓங்கரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கேக்கறதுக்கு எனக்கு நாக்கு கூசுது. ஒரே ஒரு செடி குடுங்க."

"புடுங்கிக்க" என்றாள் பாவாயி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அருக்காணி கால்மாட்டில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். அது ஆணி அடித்ததுபோல நின்றது. இன்னும் இழுத்தாள், தண்டு மட்டும் கையோடு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகிச் சுருண்டது. அவள் அழத் தொடங்கினாள். பாவாயி எழுந்து வந்து, சிக்குத் தலையில் ஒற்றை முடியைப் பிரித்தெடுப்பதுபோல, மெதுவாக அடுத்த செடியை எடுத்தாள். வேர் முழுசாக, ஈர மண்ணோடு, கோடையில் எந்தக் கிணற்றிலும் இல்லாத ஈரத்தோடு வந்தது. கொஞ்ச நாளில் பையன் எழுந்து தெருவில் ஓடினான்.

அந்தச் செடியை எடுத்த அன்று சாயங்காலமே சென்னியப்பன் மகளைப் பற்றிப் பேச்செடுத்தான். செத்தவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாத நாட்கள் அவை. அவள் முதன்முதலில் நடந்தது தறிப்பட்டறையில்தான் என்பதையும், தறிக்கு நீளமாக இழுத்துக் கட்டின பாவு நூலைப் பிடித்துக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து வந்ததையும், நூல் அத்தனையும் அறுந்து முதலாளி கத்தினதையும் அவன் சொல்லிக்கொண்டே போனபோது, பாவாயி இட்லிமாவுக் கையோடு அவனைப் பார்த்தாள்.

"அப்பிடீங்களா? எனக்கு அது தெரியாதுங்களே. நான் எங்க இருந்தேன்?"

அவள்தான் அந்தக் கதையை அவனுக்கு ஆயிரம் தரம் சொன்னவள். அவன் எட்டிப் பார்த்தான். தரையில், மகளின் பாதம் இருந்த இடத்தில், செடி எடுத்த இடம் ஓட்டையில்லாமல், வெடிப்பில்லாமல், வழவழவென்று மூடியிருந்தது.

அதற்கப்புறம் வலசு அந்தச் செடியோடு வாழப் பழகிக்கொண்டது. விடியற்காலையில், பல் விளக்கின கையோடு, வெறும் வயிற்றோடு ஆட்கள் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டார்கள். தரையில் படுத்திருக்கிறவளைத் தாண்டக்கூடாது என்று யாரும் சொல்லித்தராமலே சுவரோரமாக வந்து உட்கார்ந்தார்கள். மாதவி டாக்டர் வந்து பார்த்து, இலையைக் கசக்கி மோந்து, "நல்ல செடி" என்று மட்டும் சொன்னாள். சிமெண்டுத் தரையில் எப்படி முளைத்தது என்று அவள் கேட்கவில்லை. யாருக்கு மருந்து போதும், யாரை மருந்தோடு சேர்த்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொருவர் கண்ணையும் இறக்கிப் பார்த்துச் சொல்ல, தினமும் காலையில் வந்துவிட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று வருகிறவர்களை எல்லாம் திட்டினாள். சொறி பிடித்தவர்கள் இலையை உப்போடு அரைத்துப் பூசக் கேட்டார்கள், நீர்க்கடுப்பு உள்ளவர்கள் கஷாயத்துக்குக் கேட்டார்கள். காமாலைக்காரர்களுக்கே இருக்கட்டும் என்று அவள் அவர்களைத் திருப்பி அனுப்பினாள். மாரியம்மன் கோயில் பூசாரி ஒருநாள் குங்குமத் தட்டோடு வந்து, செடிக்குப் பொட்டு வைக்கலாமா என்று கேட்டார். "கன்னி கழியாத புள்ள, மஞ்ச மட்டும் வெய்யுங்க" என்று சென்னியப்பன் சொன்னான். கவுன்சிலர் வந்து தகரக் கொட்டகை போட்டுத் தருவதாகச் சொன்னார், வீட்டுக்குள் எதற்குக் கொட்டகை என்று அவருக்கே தோன்றி, டீ குடித்துவிட்டுப் போனார். பாவாயி தினமும் அம்மியில் அரைத்தாள். பச்சை வாசம் அவள் கையை விட்டுப் போகவே இல்லை.

ஒவ்வொரு செடியோடும் பாவாயியிடமிருந்து மகளின் நினைப்பு ஒன்று போனது. முழங்கால் இருந்த இடம் வெறுந்தரையானபோது, பள்ளிக்கூடத்தில் விழுந்து தையல் போட்ட நாள் போனது. வயிறு இருந்த இடத்தில் எடுத்தபோது, மகளுக்குப் பிடித்த கொள்ளுப்பருப்பும், பிடிக்காத பாகற்காயும், இடியாப்பம்போலச் சந்தகை பிழிகிற நாளில் அடுப்படியிலேயே நின்று தின்பதும் போயின. கை இருந்த இடத்தில் எடுத்தபோது, வாசலில் மகள் போடுகிற கோலம் எது, அடுத்த வீட்டுக்காரி போடுகிற கோலம் எது என்று பாவாயிக்குத் தெரியாமல் போனது. சென்னியப்பன் சாயங்காலம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பான். சிலதுக்கு அவள் சிரிப்பாள், சிலதுக்கு அழுவாள், சிலதுக்கு அடுத்தவர் வீட்டுக் கதை கேட்பதுபோல "அப்பறமு?" என்பாள். அந்த "அப்பறமு?" வந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

"போதும் பாவாயி. குடுத்தது போதும்" என்றான் ஒருநாள். "நீ எதக் குடுக்கறேன்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியுதுங்க." அவள் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "போனது என்னன்னு தெரியல. போவுதுன்னு தெரியுது."

"அப்பறம் எதுக்குக் குடுக்கறே?"

"நான் நெனச்சுக்கிட்டுக் கெடந்து என்னங்க ஆகுது? நெனப்பு என்னத்தான் கொல்லுது. அங்க ஒரு புள்ள எந்திரிச்சுச் சோறு கேக்குதுல்ல."

"உனக்கு லேசா இருக்குதா?"

அவள் அம்மியைச் சாய்த்து ஈரத்தை வடித்தாள். பிறகு அவன் உதடு படிக்கிறவன் என்பது தெரிந்தும், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொன்னாள்.

"இருக்குதுங்க. அதுதான் பயமா இருக்குது."

அவள் தண்ணீர் பிடிக்கப் போனபிறகு சென்னியப்பன் தரையில் மண்டிபோட்டு, மகளின் தோள் இருந்த இடத்தில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தான். கொஞ்சம் தன் பாரமும் இறங்கட்டுமே என்றிருந்தது அவனுக்கு. தண்டு கையோடு வந்து கருகியது. இன்னொன்றை இழுத்தான், அதுவும் கருகியது. இரண்டு பேருக்கு ஆகியிருக்கும் மருந்தை வீணாக்கிவிட்டோமே என்று அந்தக் கரிக்குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கென்று ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது பாவாயி அவனுடைய நல்ல காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மகள் கூப்பிடுவதுபோலவே, மூக்கில் பாதியும் தொண்டையில் பாதியுமாக இழுத்து, "அப்போவ்" என்று ஒருதரம் சொல்வாள். மகள் செத்த வாரத்தில் அவனாகக் கேட்டது அது. எத்தனை வருஷமாகவோ அவன் சரியாகக் கேட்காமல் விட்ட குரல், மனைவியின் தொண்டை வழியாக அவன் காதுக்கு வந்தது. அதைக் கேட்டுவிட்டுப் போனால் நாளெல்லாம் தறிச் சத்தத்துக்குள்ளும் அது கேட்டுக்கொண்டிருக்கும்.

மேட்டுத்தெரு மருமகள் ஒருத்தியை ஒருநாள் ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். நிறைமாதம். முகம் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள், புடவைத் தலைப்பில் துடைத்த வேர்வைகூட மஞ்சள். மாதவி டாக்டர் அவளைப் பார்த்ததும், "இது பெரிய ஆஸ்பத்திரிக் கேஸ், வண்டி வரச் சொல்லியாச்சு. வண்டி வரதுக்குள்ள ஒரு வேளை மருந்து உள்ளே போகட்டும்" என்றாள். பாவாயி குனிந்தாள். அந்த நேரத்துக்கு மிச்சமிருந்தது தோளும் கழுத்தும் முகமும்தான். அவள் கழுத்தில் கைவைத்தாள். சென்னியப்பன் வாயைத் திறந்தான். சுவரோரம் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. ருக்குமணி என்று பேர் வைத்தார்கள்.

அவளுக்குச் செடி எடுத்த மறுநாள் காலையில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வழக்கம்போலக் காதைச் சாய்த்து நின்றான். பாவாயி கிட்டே வந்தாள். வாய் வரைக்கும் வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன சொல்லோணுமுங்க?"

"அம்மிணி கூப்பிடறாப்பல."

அவள் கண்ணை மூடி யோசித்தாள், நெற்றியைச் சுருக்கினாள், பிறகு தன் சொந்தக் குரலில், கடைக்காரரைக் கூப்பிடுவதுபோல, "அப்பா" என்றாள். "இப்பிடித்தானுங்களே?"

"இப்பிடித்தான்" என்றான் சென்னியப்பன்.

பட்டறைக்குப் போய்த் தறியை ஓட்டினான். அன்று நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் வெறும் காற்றை நெய்துகொண்டிருந்தான் என்று பக்கத்துத் தறிக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். எதிரே தார் சுற்றுகிற இடத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ருக்குமணியின் குரல் இனி இந்த உலகத்தில் யாரிடமும் இல்லை.

தோளும் போனது. கடைசியில் முகம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கொத்து மிஞ்சியிருந்தது. ஊரில் நோய் கிட்டத்தட்ட இறங்கிவிட்டது, ஊர்க் குடிதண்ணீர்க் குழாயை மாற்றிவிட்டார்கள், வாசலில் ஆள் வருவது நின்றுபோனது. இதாவது தங்கட்டும் என்று சென்னியப்பன் பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பான். பாவாயிக்கு அப்போது மகளின் முகமும் பேரும் மட்டும் தெரியும். எப்படிச் செத்தாள், எதனால் செத்தாள் என்று தெரியாது. யார்மேலும் கோபமும் இல்லை. கோபமெல்லாம் அவனிடம்தான் இருந்தது.

அந்தக் கோபத்துக்கு ஒரு ஆள் இருந்தான். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற தீர்த்தகிரி. குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் வெடித்துக் கிடந்ததைக் கோடை தொடங்கும்போதே பார்த்தவன், சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றிக் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். ரோட்டைத் தோண்டி அந்த டியூபை எடுத்தபோது ஊரே சுற்றி நின்று பார்த்தது. யாரும் அவனை அடிக்கவில்லை. அவன் வீட்டுக்கு யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

அவன் ஒருநாள் காலையில், தன் மகள் சுபாஷிணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தெருவிலேயே நின்றான். பள்ளிக்கூடப் பிள்ளை. மஞ்சள் கோழிக்குஞ்சு மாதிரிக் கிடந்தாள். பக்கத்தில் நின்ற மாதவி டாக்டர், "வண்டிக்குச் சொல்லிட்டேன். ஒரு வேளை மருந்து கிடைச்சா நல்லது. நான் கேக்க மாட்டேன்" என்று சென்னியப்பனிடம் சொல்லிவிட்டு விலகி நின்றாள்.

சென்னியப்பன் வாசல்படியில் நின்றான். இரண்டு கையும் கதவு நிலையில் இருந்தன.

"ஏண்டா, எந்த மொகத்த வெச்சுக்கிட்டு வந்தே?"

தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டான்.

"உள்ள ஒரு மொகந்தான் மிச்சமிருக்குது, தெரியுமாடா உனக்கு? அதையும் கேக்க வந்துட்டியா?"

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அப்போது தகப்பன் தோளில் கிடந்த அந்தப் பெண் தலையைத் தூக்கிச் சென்னியப்பனைப் பார்த்து உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை, வருகிற தெம்பில்லை. அவளைத் தூக்கி வைத்திருந்தவனுக்கு அவள் பேசினது தெரியவே இல்லை. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. சென்னியப்பனுக்கு மட்டும், பட்டறையில் எதிரே உட்கார்ந்து சொன்னதுபோல, ஒவ்வொரு எழுத்தாகப் புரிந்தது.

"எங்கப்பாவத் திட்டாதீங்க."

அவன் கை நிலையிலிருந்து தானாக இறங்கியது. நகர்ந்து வழிவிட்டான்.

தீர்த்தகிரி உள்ளே வந்து சுவரோரமாக மகளைக் கிடத்தினான். பாவாயி செடியின் முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளையின் அப்பன் என்ன செய்தவன் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. அவள் நிமிர்ந்து சென்னியப்பனைப் பார்த்தாள்.

"இத எடுத்தா எனக்கு ஒண்ணும் இருக்காதாட்ட இருக்குதுங்க."

"ஆமா."

"உங்களுக்கு இருக்குமுங்களா?"

"எனக்கு இருக்கும். நீ எடு."

அவள் உடனே எடுக்கவில்லை. குனிந்து, அந்தக் கொத்தின் மேல் தன் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு இரண்டு கையாலும், பிரசவத்தில் பிள்ளையின் தலையை ஏந்துவதுபோல ஏந்தி, அதை வேரோடு எடுத்தாள். அரைத்தாள், மோரில் கலக்கினாள், பிள்ளையின் தலையைத் தன் மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. பாவாயி அம்மியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"நடு வீடு எவ்வளவு விஸ்தாரமா இருக்குதுங்க. இங்க பாய் போட்டாச் சன்னல் காத்து நல்லா வருமாட்ட இருக்குது."

அன்று மத்தியானம் அங்கேதான் பாய் போட்டுப் படுத்தாள். அசந்து தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. சென்னியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு மழை வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தது. வேலியோரத்திலும் வாய்க்கால் வரப்பிலும் சாக்கடை மேட்டிலும் கீழாநெல்லி யாருக்கும் வேண்டாமல் மண்டியது. சுபாஷிணி பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். போகும்போது சென்னியப்பனைப் பார்த்தால் நின்று, சத்தமில்லாமல் உதட்டால் எதையாவது சொல்லிவிட்டுப் போவாள். தீர்த்தகிரி அவனைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான், இவன் தலையசைக்க மாட்டான். ஊரில் ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளாமலே, பாவாயியின் முன்னால் அந்தப் பேரைச் சொல்வதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். மேட்டுத்தெருக் குழந்தையைக்கூட அவள் நடமாட்டம் இருக்கும்போது "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார்கள். பாவாயிக்கு உடம்பு பூசினாற்போல ஆனது. மற்றப் பெண்களோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கினாள். பிள்ளை இல்லாத வீடு என்று யாராவது வெளியூர்க்காரர் சொன்னால், "குடுப்பினை இல்லைங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

வருஷத் திதி வந்த மாதத்தில், சென்னியப்பன் எப்போதோ கொடுத்துவிட்டு மறந்துபோயிருந்த படத்தை ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். கதவைத் திறந்து வாங்கினது பாவாயி. ஸ்டுடியோக்காரர் அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், காகிதத்தைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். பாவாயி அதைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள். சென்னியப்பன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஆரு புள்ளைங்க இது? என்ன லட்சணமா இருக்குது பாருங்க. கண்ணு ரெண்டும் அப்பிடியே உங்களாட்ட."

ஒன்றுவிட்ட தங்கச்சி மகள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். வாய் அதற்கு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இது ருக்குமணின்னு ஒரு புள்ள" என்றான். "நம்ம வலசுதான்."

"இப்ப எங்க இருக்குதுங்க?"

"இல்ல. போயிட்டா."

"அய்யோ."

அவள் கேட்கக் கேட்க அவன் சொன்னான். பாவு நூலைப் பிடித்து நடந்ததைச் சொன்னான், முழங்கால் தையலைச் சொன்னான், சந்தகையைச் சொன்னான், கோலத்தைச் சொன்னான், எதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் அடித்த கேலியைச் சொன்னான், கண் மஞ்சளானதைச் சொன்னான். குரலைப் பற்றி மட்டும் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. படம் அவள் மடியில் இருந்தது. வெயில் சன்னலிலிருந்து நகர்ந்து சுவருக்குப் போகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை, அடுப்பைப் பற்றவைக்கவில்லை. முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஊரில் யார் வீட்டுத் துக்கத்துக்கும் அழுகிறவள் அழுவதுபோல மனதார அழுதாள்.

"பாவமுங்க. இப்பிடி ஒரு புள்ளயத் தூக்கிக் குடுத்துப்போட்டு, அதப் பெத்தவ எப்பிடித்தான் தாங்குனாளோ."

"தாங்கல" என்றான் சென்னியப்பன்.

அவள் படத்தில் இருந்த நெற்றியை விரலால் ஒருதரம் தொட்டாள்.

"அந்தம்மா இப்ப எங்கீங்க இருக்கறாங்க? ஒருக்காப் போயிப் பாத்துப் பக்கத்துல உக்காந்துட்டு வரலாமுங்களா? பாவம், ஒத்தையில கெடந்து என்ன பாடு படுதோ."

அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சரியாகத்தான் படித்தோமா என்று தெரியாதவன்போல, அவள் இன்னொருதரம் கேட்கும்வரை இருந்தான்.

"அது ரொம்பத் தூரம் பாவாயி" என்றான் பிறகு. "அங்கெல்லாம் பஸ்ஸு போகாது."